பன்னிரண்டாவது படத்தில் ஒரு கல்

சின்னாயியைத் தேடி நான் மலையேறியது ஒரு படத்தைக் கொடுப்பதற்காக. அந்தப் படத்தில் அவள் புருஷன் இல்லை என்பதுதான் சங்கடம்.

மலையடிவாரக் காரவள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்து ஏறி, அரியூர் நாடு என்கிற மலைப்பகுதியில் அவள் குடிசையை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மரவள்ளிக் கிழங்கைச் சீவிப் பாறைமேல் காயவைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். என் தோளில் தொங்கிய காமிராவைப் பார்த்தாள்.

"சர்க்காரு ஆளுங்களா?"

"இல்லீங்க. உங்க ஊட்டுக்காரரைத் தெரியும். காத்தான்."

கத்தி நின்றது. "உசுரோட இருக்கறாருங்களா?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னால பாத்தேன். நல்லா இருந்தாரு."

"இப்ப?"

தெரியாது என்று சொன்னேன். அவள் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து கிழங்கைச் சீவினாள். சீவிக்கொண்டேதான் சொன்னாள்.

ஆறு வருடத்துக்கு முன், வயல் தகராறில் காத்தான் தன் அண்ணன் செல்லமுத்துமேல் அரிவாளை ஓங்கிவிட்டான். வெட்டவில்லை, ஓங்கினான். ஊர்க் கூட்டத்தின் நடுவில் அண்ணன் காலில் விழுந்து எழ வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கூட்டத்துக்கு வருவதற்குப் பதில் அவன் மலையை விட்டு இறங்கிப் போய்விட்டான். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. இனி வரமாட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வைக்கோலில் ஆள் உருவம் செய்து எரித்துக் காரியம் முடித்துவிடுவது, அவள் தாலியை வாங்கிவிடுவது, வயல் செல்லமுத்துவுக்கு.

"எப்போ காரியம்?"

"நாளைக்குங்க, அம்மிணி," என்றாள். "நீங்க நல்ல நாள் பாத்துத்தான் வந்திருக்கறீங்க."

நான் காத்தானைப் பார்த்தது மண்டபம் என்கிற கடற்கரை ஊரில். அங்கிருந்து தோணியில் போகிற தூரத்தில் ஒரு மணல்திட்டு. வைகாசியில் ஆலாப் பறவைகள் அங்கே வந்து கூடும். கூடு என்று ஒன்றும் கட்டாது, வெறும் மணலில் முட்டையிடும். கால் வைத்தால் முட்டைமேல்தான் வைக்க வேண்டும். அதனால் தோணியிலிருந்தே படம் பிடிக்க நினைத்தேன். தோணி ஆடாமல் நிற்க, கயிற்றில் கட்டிய கல்லைத் தண்ணீரில் இறக்கியவர் காத்தான். கரைக்காரர்கள் அவரை மலையன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கல்லைக் கட்டுகிற விதத்தைப் பார்த்து, "கல்லுக்குத் தாலி கட்டுறான்டா மலையன்" என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஒருநாள் துடுப்பைப் போட்டுக்கொண்டே, அரியூர் நாட்டில் சின்னாயி என்று கேட்டால் சொல்வார்கள் என்றார். எதற்குக் கேட்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பறவைகளை எடுக்கும்போதெல்லாம் அவர் தலை படத்துக்குள் விழுந்தது. "குனிஞ்சுக்குங்க" என்பேன். குனிவார். பதினோரு படங்களில் முட்டைமேல் அமர்ந்த பறவைகள் மட்டும். பன்னிரண்டாவதை எடுக்கும் நேரம் அலை தூக்கிவிட்டது. அதில் தோணியின் விளிம்பும், அதன்மேல் கயிறோடு இழுத்து வைத்திருந்த கல்லும், அவருடைய ஒரு கை முட்டியும் விழுந்துவிட்டன. கெட்டுப்போன படம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

பிறகு நான் சிலோன், பர்மா என்று சுற்றப் போய்விட்டேன். போன மார்கழியில் புயல் வந்து தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைப் பேப்பரில்தான் படித்தேன். திரும்பி வந்ததும் மண்டபத்தில் இறங்கித் தேடினேன். காத்தான் இருந்த குடிசை வரிசை இல்லை. புயலன்று அவர் தனுஷ்கோடிப் பக்கம் போயிருந்தார் என்றார் ஒருவர். அதற்கு முன்பே தொண்டிக்குப் போய்விட்டார் என்றார் இன்னொருவர்.

இதையெல்லாம் சின்னாயியிடம் சொல்லி, அந்தப் பன்னிரண்டாவது படத்தை நீட்டினேன். படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பறவைகளைப் பார்க்கவில்லை. கல்லின்மேல் விரலை வைத்தாள்.

"எங்கண்ணன் முடிச்சு," என்றாள்.

மலைத்தேன் எடுக்கப் பாறை முகட்டிலிருந்து கொடிக்கயிற்றில் இறங்குவார்கள். ஆள் இறங்குமுன் நுனியில் கல்லைக் கட்டி விட்டு ஆழம் பார்ப்பார்கள். மேலே கயிற்றைப் பிடிப்பவன் இறங்குகிறவனின் மச்சானாகத்தான் இருப்பான். தங்கையின் தாலி தன் கையில் இருப்பதால் அவன் விடமாட்டான். காத்தானுக்குக் கயிறு பிடித்தவன் சின்னாயியின் அண்ணன் காளியண்ணன். மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை இடப்பக்கம் அடியில் செருகும் முடிச்சைக் காத்தானுக்குக் காட்டிக்கொடுத்தவனும் அவன்தான்.

மறுநாள் காலை கோயில் வாசலில் ஊர் கூடியது. வைக்கோல் உருவம் ஒரு பாயில் கிடந்தது, அதற்கு வேட்டிகூடக் கட்டியிருந்தார்கள். காளியண்ணன் பிறந்த வீட்டுக் கோடியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். தாலி வாங்கியபின் அவளுக்குப் போர்த்துகிற சேலை அது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சின்னாயி நேராகப் போய் ஊர்க்கவுண்டர் குப்புசாமியிடம் படத்தை நீட்டினாள். அவர் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கொக்கு மாதிரி என்னமோ இருக்குது. காத்தான் எங்கே, கண்ணு?"

"கல்லைப் பாருங்க. அவரு கட்டினது."

செல்லமுத்து எட்டிப் பார்த்தான். "ஆறு வருசம் கழிச்சுக் கல்லு வந்திருக்குது. அதுக்கே காரியம் பண்ணிரலாமுங்க."

சிலர் சிரித்தார்கள். காளியண்ணன் சிரிக்கவில்லை. படத்தை வாங்கினான். விரலால் சுற்றை எண்ணுவதுபோல மெல்லத் தடவினான். "நான் காட்டின முடிச்சுதானுங்க," என்றான். "இந்த மலையை விட்டா வேற யாரும் போடமாட்டாங்க."

கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மிணி, கடல் பொங்கி ஊரையே முழுங்கிருச்சுன்னாங்களே. இது அதுக்கு முந்திப் பிடிச்சதுங்களா, பிந்திங்களா?"

சின்னாயி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிந்தி என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும். அவள் கண்ணில் அது இருந்தது. ஆனால் பொய்யான உயிரை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறிவிடுவேன். அவள் இங்கே காத்திருப்பாள்.

"முந்திங்க," என்றேன்.

"அப்பறமென்ன?" என்றான் செல்லமுத்து.

சின்னாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கவுண்டர் கையைக் காட்ட, வைக்கோல் உருவத்தைத் தூக்க இரண்டு பேர் குனிந்தார்கள்.

"நிறுத்துங்க," என்றான் காளியண்ணன். "கீழ இறங்கினவன் இழுத்துச் சொல்லாம மேல நிக்கறவன் கயித்தை விடக் கூடாதுங்க. காத்தான் இன்னும் இழுக்கல. நான் கோடி போட மாட்டேன்."

"செத்தவன் எப்படிடா இழுப்பான்?" என்றான் செல்லமுத்து.

"செத்தான்னு யாராவது பாத்துட்டு வந்து சொல்லட்டுங்க. அன்னைக்குப் போடறேன்."

பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் தாலி வாங்கும் வழக்கம் அங்கே இல்லை. வெகு நேரம் பேசினார்கள். கடைசியில், ஆடி வரைக்கும் தவணை என்றார் கவுண்டர். வயல் அதுவரை சும்மா கிடக்க வேண்டாம், செல்லமுத்து உழட்டும் என்றும் சொன்னார். ஒருமுறை அவன் ஏர் இறங்கிவிட்டால் வயல் திரும்பி வராது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். சின்னாயிக்கும் தெரியும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து காய்ந்த கிழங்கைச் சாக்கில் அள்ளினாள். அள்ளிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பறவைங்க வருசா வருசம் அதே எடத்துக்குத்தான் வருமுங்களா?"

"வருமுங்க. வைகாசியில."

"அந்த மணல் இருக்குதுங்களா இன்னும்?"

"தெரியலீங்க. புயலுக்கப்பறம் நான் அங்க போகல."

"அப்போ, போய்ப் பாக்கணும்."

கடலை அவள் கண்டதில்லை. காரவள்ளியைத் தாண்டியதும் இல்லை. சாக்கைத் தலையில் வைத்து, படத்தை இடுப்பில் செருகிக்கொண்டு என் முன்னால் இறங்க ஆரம்பித்தாள். முகடு வரை வந்த காளியண்ணன் அங்கேயே நின்றுகொண்டான். அவன் கக்கத்தில் அந்தக் கோடி இன்னும் இருந்தது.

"இருக்கறாருன்னாலும் சரி, இல்லேன்னாலும் சரி, ஆடிக்குள்ள வந்து சொல்லிப்போடு கண்ணு," என்றான். "அதுவரைக்கும் பிடிச்சிருக்கறேன்."