நடுவருக்குக் கொடுத்த கட்லற்

காலை ஏழே முக்காலுக்கு வந்து என் காலில் சொக்ஸ் போட்டுவிடுகிறவள், போலந்து நாட்டுக்காக அறுபத்தொரு தடவை உதைபந்து விளையாடியவள் என்பது முதல் எட்டு மாதமும் எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

எனக்குக் கால் வீங்குகிற வருத்தம். முழங்கால் வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற அந்தச் சொக்ஸை நான் தனியாகப் போட முடியாது. டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற பிராண்டே என்ற ஊரில், கொம்யூன் என்கிற நகரசபைதான் அதற்கு ஆள் அனுப்பும். வருகிற பிள்ளைகள் இழுத்து இழுத்துக் களைத்துப்போவார்கள். விக்ரோரியா மட்டும் ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, மற்றக் காலை நேரே நீட்டி வைத்துக்கொண்டு, ஒரே இழுவையில் ஏற்றிவிடுவாள்.

"ஏன் பிள்ளை, அந்தக் காலை மடக்க மாட்டீங்களோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மடங்காது அம்மம்மா. அதைப் பந்துக்குக் குடுத்திட்டன்."

என் பேத்தி கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை அம்மம்மா என்றுதான் கூப்பிடுவாள். மற்றக் கதையெல்லாம் டெனிஷில்தான். அதை நான் என் தமிழில் சொல்லுகிறேன். அவளுடைய டெனிஷும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கும். பேரப்பிள்ளைகள் கதைக்கிற டெனிஷ்தான் எனக்கு விளங்காது.

கொம்யூன் என் காலுக்கு ஒதுக்கியது பத்து நிமிடம். அந்தப் பத்துப் பத்து நிமிடங்களில்தான் அவள் சீவியம் முழுவதையும் கேட்டேன்.

தகப்பன் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிறவர். மூன்று அண்ணன்மார். ஆள் போதாத நாளில் அவர்கள் இவளையும் பந்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள்; பிறகு இவளை விட்டுவிட்டு விளையாட அவர்களுக்கு மனம் வரவில்லை. தாய் சப்பாத்தை ஒளித்து வைத்தால், அண்ணனுடைய சப்பாத்துக்குள் பழைய பேப்பரை அடைத்துப் போட்டுக்கொண்டு போவாளாம். பதினைந்து வயதில் நகரத்து அணியில் சேர்ந்தாள். போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். தகப்பனுடைய வேலையால் ரயில் இலவசம். பதினெட்டு வயதில் நாட்டுக்காக விளையாடக் கூப்பிட்டார்கள்.

நாட்டுக்காக என்றதும் நான் பெரிதாக நினைத்தேன். அவள் சிரித்தாள். ஆண்கள் போட்டுக் கழித்த சட்டையைத்தான் பெண்களுக்குக் கொடுப்பார்களாம். கையை இரண்டு மடிப்பு மடித்துப் போட வேண்டும். ஆட்டம் முடிந்தால் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அறுபத்தொரு ஆட்டம் விளையாடியவளிடம் நாட்டின் சட்டை ஒன்றுகூட இல்லை. பஸ்ஸில் இருபத்திரண்டு மணித்தியாலம் இருந்து போய், அவித்த முட்டையும் பாணும் சாப்பிட்டுவிட்டு விளையாடி, திரும்பி வந்து அடுத்த நாள் விடிய பேக்கரியில் வேலைக்கு நின்றிருக்கிறாள்.

"எத்தினை கோல் போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டு."

"அறுபத்தொரு ஆட்டத்திலையோ?"

"ஓம். அதுவும் எங்கட பக்கத்துக் கோலுக்குள்ளை."

கோல் காக்கிற கோலிக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்பதுதான் அவள் வேலை. வருகிறவளை மறிக்க வேண்டும், ஆனால் விழுத்தக் கூடாது. அதற்குக் காலைவிடக் கண்தான் முக்கியம் என்பாள். பந்து எங்கே இருக்கிறது என்று பார்க்கிறவள் பிந்திவிடுவாளாம். எங்கே வரப்போகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

இரண்டாயிரத்து நான்கில் ஹேர்னிங் பக்கத்துப் பெண்கள் அணி ஒன்று அவளை டென்மார்க்குக்குக் கூப்பிட்டது. பகலில் துணித் தொழிற்சாலை, பின்னேரம் பந்து. ஆறு வருடம் அப்படி. ஒரு மழை நாளில், ஒருவரும் தொடாமலே, ஈரப் புல்லில் முழங்கால் திரும்பிப்போனது. இரண்டு தடவை வெட்டித் தைத்தார்கள். முப்பத்திரண்டு வயதில் எல்லாம் முடிந்தது. பிறகு கனகாலம், காரில் போகும்போது மைதானம் வந்தால் மற்றப் பக்கம் பார்ப்பாளாம். முதியோரைப் பராமரிக்கிற படிப்பைப் படித்து இந்த வேலைக்கு வந்தாள்.

ஆனாலும் மனம் விடவில்லை. நடுவராவதற்கான படிப்புக்குப் போய், பதினாறு வயதுப் பெடியங்களோடு இருந்து படித்துப் பாஸ் பண்ணினாள். ஓட்டச் சோதனையில் அந்தக் கால் அவளைக் கைவிட்டுவிட்டது. பெரியவர்களுடைய ஆட்டத்துக்கு விசில் தரமாட்டோம், சின்னப் பிள்ளைகளுக்கு ஊதலாம் என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஆட்களுக்கு ஒரு கரைச்சல். கோடையில் டென்மார்க் தமிழரின் விளையாட்டு விழா நடக்கும். உதைபந்து என்று வந்தால் நடுவரால்தான் சண்டை வரும். ஊத வருகிற ஒருவர் பிராண்டே கோலியின் மைத்துனர், மற்றவர் ஒடென்சே நகரத்து அணிக் கப்டனின் சித்தப்பா. யாழ்ப்பாணத்து ஆட்கள் நூறு பேர் கூடின இடத்தில் ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒருவரைத் தேடிப் பிடிக்க முடியாது. அந்த வருடம் மூலைக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு அடிபட்டார்கள். என் மருமகன் கனகசபைதான் விழாவுக்குச் செயலாளர். காலையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு புலம்பிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை என்ரை காலடியிலை ஒரு ஆள் இருக்கிறா. ஒருத்தருக்கும் சொந்தமில்லை," என்றேன்.

"மாமி, அவ பொம்பிளை."

"ஓம், நானும் பொம்பிளைதான். கறி ருசியா இருக்கேக்கை அது தெரியிறேல்லையோ?"

அடுத்த விழாவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

முதல் வருடம் பெடியங்கள் சிரித்தார்கள். ஒடென்சே அணியின் பொறுப்பாளர் ஜோன்சன் கோட்டுக்கு வெளியே நின்று, "அக்காவின்ரை காலுக்கு ஆரோ பூட்டுப் போட்டிட்டினம்," என்று பகிடி பண்ணினார். ஐந்தாம் நிமிடத்தில் முதல் மஞ்சள் அட்டை. பத்தாம் நிமிடத்தில் இரண்டாவது. அவள் அதிகம் ஓடவில்லை. பந்து வந்து சேரும்போது அங்கே நின்றாள். பின்னேரம் எல்லாரும் அவளை ரீச்சர் என்று கூப்பிட்டார்கள். மூலைக் கொடி நாலும் நட்ட இடத்தில் நின்றன. பெரியவர்களுடைய ஆட்டத்தில் அவளுக்கு விசில் கொடுக்கிற இடம் உலகத்திலேயே எங்கள் விழா ஒன்றுதான். அது அவளுக்கும் தெரியும். அடுத்த தடவை வந்து என் காலைப் பிடித்தபோது அவள் முகம் கலியாணப் பெண்ணின் முகம்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். இந்த இடத்தை வெட்ட வேண்டாம் என்று, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளிடம் சொல்லியிருக்கிறேன்.

கொம்யூன் ஆட்கள் வேலைக்குப் போகிற வீட்டில் ஒன்றும் வாங்கக் கூடாது. விக்ரோரியா என் வீட்டில் ஒரு வாய்த் தேத்தண்ணிகூடக் குடித்ததில்லை. நான் ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பையில் ஏதாவது போட்டு வைப்பேன். அவள் ஒவ்வொரு நாளும் அதை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, "சட்டம், அம்மம்மா," என்று சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு அது பெரிய குறை.

இரண்டாம் வருடம் இறுதி ஆட்டம் பிராண்டேக்கும் ஒடென்சேக்கும். ஹேர்னிங்கில் நடந்தது. பாதி நேரத்தில் ஒன்றுக்கு ஒன்று. அவள் தனியே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பிடித்து நடக்கிற தள்ளுவண்டியையும் தள்ளிக்கொண்டு, கட்லற் பெட்டியோடு, அத்தனை சனத்துக்கும் முன்னால் போனேன்.

"இண்டைக்குச் சனிக்கிழமை. கொம்யூன் இல்லை. இண்டைக்கு என்ன சட்டம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஓம். இண்டைக்கு நான் வேலையிலை இல்லை," என்று சொல்லி இரண்டு கட்லற் சாப்பிட்டாள். வாயோரத்தை என் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன்.

அந்த வேலையில் இல்லை, சரி. ஆனால் வேறொரு வேலையில் இருந்தாள். அது எனக்கும் நினைவு வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. ஒடென்சே ஆட்களுக்கு வந்தது. மற்றப் பாதி தொடங்க முதலே, அவள் கட்லற் சாப்பிடுகிற படம் எல்லாருடைய ஃபோனிலும் போய்விட்டது.

"ரீச்சர், கட்லற் உறைப்போ?" என்று ஜோன்சன் கத்தினார். "எங்களுக்கும் ரெண்டு தரச் சொல்லுங்கோ. நாங்களும் பிராண்டேக்கு விளையாடுறம்."

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கட்லற் என்றால் போலந்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். அவள் முகம் வெளுத்ததை நான் கண்டேன்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் கஜதீபன் பந்தோடு கோலுக்குக் கிட்டப் போனான். ஒடென்சேப் பெடியன் குறுக்கே கால் போட்டான். கஜதீபன் விழுந்தான். அவள் ஐந்தடி தள்ளி நின்றாள். ஊதினால் பிராண்டேக்குப் பெனால்ரி. ஊதாமல் விட்டால் ஒடென்சே வாய் மூடும், படத்தை எல்லாரும் மறந்துபோவார்கள், அடுத்த வருடமும் விசில் அவளுக்குத்தான்.

"இதைக் குடுக்க மாட்டா," என்று கனகசபை என் காதுக்குள் சொன்னார். "குடுத்தா அவவுக்கு இதுதான் கடைசி."

அவள் ஊதினாள். கையை நீட்டி இடத்தைக் காட்டினாள்.

ஒடென்சே முழுவதும் உள்ளே இறங்கியது. அவள் பந்தைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு அந்தப் பெனால்ரிப் புள்ளியில் போய் நின்றாள். ஒருவரோடும் வாதாடவில்லை. சத்தம் ஓயும் மட்டும் நின்றாள். பிறகு, "நான் கண்டதைத்தான் ஊதினன்," என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் பந்தை வைத்தாள். எங்கள் பக்கம் இரண்டுக்கு ஒன்றாக வென்றது. ஒடென்சே கைகுலுக்க வரவில்லை. இந்த நடுவர், விழாச் செயலாளர் வீட்டில் வேலை செய்கிறவர், அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர், இனிமேல் வேண்டாம் என்று அன்று பின்னேரமே முறைப்பாடு வந்தது.

திங்கட்கிழமை வழமைபோல ஏழே முக்காலுக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். அவள் காலைப் பிடித்துக்கொண்டு வேறு கதை சொன்னாள்.

ஒரு தடவை வெளிநாட்டுக்கு விளையாடப் போனார்களாம். எந்த நாடு என்று சொல்லவில்லை. முதல் நாள் அந்த நாட்டு ஆட்கள் நடுவருக்கு ஹோட்டலில் பெரிய விருந்து வைத்தார்கள். இவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அடுத்த நாள் ஒரு பெனால்ரியில் தோற்றார்கள். விழுத்தினது இவள்தான் என்று சொல்லி ஊதினாராம் அந்த நடுவர்.

"நீங்கள் விழுத்தினனீங்களோ?" என்று கேட்டேன்.

"தெரியாது. கால் பட்டதோ படேல்லையோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. அந்தாள் சாப்பிடாமல் இருந்திருந்தா, பட்டது எண்டு நம்பியிருப்பன்." சொக்ஸின் மடிப்பைத் தடவிச் சரிசெய்தாள். "அம்மம்மா, நான் ஒஃபிஸிலை கேட்டிட்டன். அடுத்த கிழமை தொடக்கம் உங்களிட்டை வேறை ஆள் வரும்."

"நான் கட்லற் தந்ததுக்கோ?"

"நான் திண்டதுக்கு."

"அப்ப, என்னைவிட அந்தப் பந்து பெரிசோ?"

அவள் என்னை நேரே பார்த்து, "ஓம்," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கிழமை முழுவதும் அவள் வந்தாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு காலை நீட்டினேன். ஒரு சொல் கதைக்கவில்லை. வெள்ளிக்கிழமை போகும்போதும் கதைக்கவில்லை. நான் அப்படித்தான்.

இரண்டு கிழமை கழித்து விழாக்குழுக் கூட்டம். நடந்ததைக் கனகசபை வந்து சொன்னார். அவள் எழுந்து நின்று, சாப்பிட்டது பிழை என்றாள். அந்த வீட்டு வேலையை விட்டுவிட்டேன் என்றாள். பெனால்ரி பெனால்ரிதான் என்றாள்.

"அது பிழையாப் போட்டுது எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ, நாங்கள் முறைப்பாட்டை விடுறம்," என்றாராம் ஜோன்சன்.

"அது மட்டும் ஏலாது."

"ஏன் ஏலாது?"

"அவன்ரை கால் பட்டது. நான் கண்டனான்."

இரண்டு மணித்தியாலம் இழுபட்டதாம். கடைசியில் ஜோன்சன்தான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாராம். "பொய் சொல்ல வழி இருந்தும் அவ சொல்லேல்லை. இவவை விட்டா, நீங்கள் கொண்டுவாற ஆள் ஆற்றையோ மச்சானாத்தான் இருப்பான். விசில் அவவிட்டையே இருக்கட்டும்." சொல்லிவிட்டு, "கட்லற் பெட்டியை மட்டும் அம்மா வீட்டை வைச்சிட்டு வரட்டும்," என்றும் சொன்னாராம். கனகசபை அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது கிளோறியா என்று ஒரு பிள்ளை வருகிறாள். நல்ல பிள்ளை. பன்னிரண்டு நிமிடம் எடுக்கிறாள், குதிக்காலில் மடிப்பும் விழுகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.

இந்த வருட விழாவுக்கும் போனேன். பிராண்டே ஆட்களின் கூடாரத்துக்குள் இருக்கமாட்டேன் என்று சொல்லி, கோலுக்குப் பின்னால், தூரத்தில் கதிரை போடச் சொன்னேன். அவள் ஒரு காலை மடக்காமல் ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்து இப்போது ஒருவரும் சிரிப்பதில்லை. ஒடென்சேப் பெடியன் ஒருவன் அவள் ஊதுவதற்கு முதலே தன் பிழைக்குக் கையைத் தூக்கினான். பாதி நேரத்தில் அவள் தனியே வாங்கில் இருந்து தண்ணீர் குடித்தாள்.

"அம்மம்மா, ஒருக்காக் கையைக் காட்டுங்கோவன்," என்றாள் பேத்தி சாரங்கி. "உங்களைக் கண்டா சந்தோசப்படுவா."

"பேசாமல் இரு," என்றேன். "சனம் பார்க்குது."

கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இரண்டாம் பாதிக்கு எழும்பும்போது அவள் எங்கள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். பார்க்காமல் விட்டது சரி.