நாற்பத்திரண்டு நாள் பத்தியம்

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, அதாவது வீட்டுக்குப் போகலாம் என்று சீட்டு எழுதி, என்னை விட்ட அன்று என் இடது காலில் மூன்று விரல்கள் மிச்சம் இருந்தன. சின்ன விரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்துவிட்டார்கள். கோயில் திருவிழாவில் நல்ல மத்தியானத்தில் வெறுங்காலோடு வீதி சுற்றியதால் வந்த வினை. மணல் கொதித்ததாம். கூட வந்தவர்கள் எல்லாம் நிழலுக்கு ஓடினார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பதினைந்து வருடச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, பாதத்தின் உணர்வைத் தின்று முடித்திருந்ததை, கொப்புளம் உடைந்து கால் வீங்கிய பிறகுதான் கண்டுகொண்டேன். இத்தனைக்கும் நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். நரம்புத் தொகுதியைப் படம் கீறிப் பெயர் குறிக்கத் தெரியாத எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருப்பேன்!

வெளிக்கிடுவதற்கு முன்னம் டொக்டர் கட்டிலடிக்கு வந்தார். என் கணவர் ஓட்டோ பிடிக்க வாசலுக்குப் போயிருந்தார். அதனால் டொக்டர் எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னார். காலைத் தொங்கவிடக் கூடாது, காயம் நனையக் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்ட வேண்டும். கடைசியில், "முட்டை, மீன், பருப்பு நல்லாச் சாப்பிடுங்கோ அம்மா. ஒரு நாளைக்கு ரண்டு முட்டையாவது சாப்பிட வேணும். சதை வளராட்டி உந்தப் புண் மாறாது" என்றார். நான் தலையாட்டினேன்.

ஓட்டோவில் ஏறியதும் இவர் கேட்டார். "டொக்டர் என்ன சொன்னவர்?"

"காலை உயத்தி வைக்கட்டாம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஒளிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது சத்தியமாக இல்லை. வெயில், களைப்பு, ஒவ்வொரு பள்ளத்திலும் ஓட்டோ என்னைத் தூக்கிப் போட்டது. மிச்சத்தை வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றிருந்தேன்.

வீட்டில் மச்சாள் எங்களுக்கு முன்னமே வந்து நின்றார். இவருடைய அக்கா, உடுப்பிட்டியில் இருப்பவர். அவ்வளவு தூரம் பஸ் மாறி மாறி வந்து, கூட்டிப் பெருக்கி, எனக்குக் கட்டில் போட்டு வைத்திருந்தார். நல்ல மனிசி. ஆனால் வாய் திறந்தால் அது சட்டம். என்னைப் படுக்க வைத்த கையோடு தம்பியைக் கூப்பிட்டார்.

"இஞ்சை பார் தம்பி. கிரந்திச் சாமான் ஒண்டும் இவளுக்குக் குடுத்திடாதை. முட்டை, மீன், நண்டு, கத்தரிக்காய், தக்காளி ஒண்டும் இந்த வீட்டுக்குள்ளை வரப்படாது. புண் சீழ் வைச்சிடும். எங்கடை ஒழுங்கையிலை ஒரு மனிசி ஆஸ்பத்திரியாலை வந்த மற்ற நாள் முட்டைப் பொரியல் திண்டவ. ஒரு கிழமை தாண்டேல்லை."

புண்ணைக் கிளப்பிவிடும் என்று நாங்கள் நம்புகிற சாப்பாடெல்லாம் எங்கள் பக்கத்தில் கிரந்தி. பிள்ளை பெற்றவளுக்கும் வெட்டுக்காயக்காரருக்கும் அதைக் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தவரை ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டார்கள்.

அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். "மச்சாள், டொக்டர் முட்டை சாப்பிடச் சொன்னவர்" என்று ஒரு வசனம். திறக்கவில்லை. மச்சாளுக்குப் பயந்து என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், அது பொய். எனக்கே பயமாக இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் "புரதம்: இழையங்களின் வளர்ச்சிக்கும் திருத்தத்துக்கும் தேவை" என்று வருடா வருடம் எழுதிப்போட்ட அதே கை, முட்டை என்றதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டது. அந்த ஒழுங்கை மனிசி என் கண்ணுக்குள் வந்து நின்றாள். படித்தது வாயில் இருந்தது, நம்பினது வயிற்றில் இருந்தது. நானும் ஒரு ரீச்சர்!

மச்சாள் மூன்றாம் நாள் போய்விட்டார். பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இவர் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டி இருபத்தொன்பது வருடத்தில் குசினிக்குள் தண்ணீர் குடிக்க மட்டும் போனவர். இப்போது துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு விடியவே அடுப்படியில் நின்றார். முதல் கிழமை சோறு களியாக வந்தது. இரண்டாம் கிழமை உப்பில்லாமல் வந்தது. பிறகு கைக்கு வந்துவிட்டது. காலையில் இடியப்பமும் வெள்ளைச் சொதியும். மத்தியானம் சோறு, முருங்கையிலை, அவித்த வாழைக்காய். பின்னேரம் மல்லியும் மிளகும் வேர்க்கொம்புச் சுக்கும் இடித்துக் காய்ச்சிய சரக்குத் தண்ணி. மீன்சட்டியைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, வளவின் மூலையில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டார். அந்த வாசம் கூட எனக்கு ஆகாதாம். மீன் இல்லாவிட்டால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுகிற மனிசன், எனக்காகத் தானும் மீனை விட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை நண்டுக்குழம்பு கொண்டுவந்தபோது படலையிலேயே மறித்து, "குறை நினையாதை பிள்ளை" என்று திருப்பி அனுப்பினார்.

கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டி, கீழே வாளி வைத்து, எனக்கு ஒரு கக்கூசும் செய்தார். அந்த வாளியைத் தானே எடுத்துக்கொண்டு போனார். முதல் நாள் நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். "உதுக்கேன் அழுறீர்? நான் படுத்தால் நீர் செய்யமாட்டீரோ?" என்றார். இருபத்தொன்பது வருடத்தில் அவர் என்னோடு அப்படிக் கதைத்தது இல்லை. நாங்கள் பிறத்தியார் முன்னால் மரியாதையாகவும் வீட்டுக்குள் சண்டையாகவும் வாழ்ந்த சோடி. ரேடியோச் சத்தத்துக்குச் சண்டை, குடையை வைத்த இடத்துக்குச் சண்டை. இப்போது என் தலையை நிமிர்த்திப் பிடித்துப் பேணியால் சரக்குத் தண்ணி பருக்குகிறார். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே பிடித்திருந்தது. டொக்டர் சொன்னதைச் சொன்னால் அந்த முகம் வாடிவிடும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன்.

மருந்து கட்டுகிற தாதி, எங்கள் வாயில் மிஸ்ஸி, என்னிடம் படித்தவள். அதுதான் பெரிய கொடுமை. என் காலைத் தன் மடியில் வைத்து, பழைய துணியைப் பூவெடுக்கிற மாதிரி எடுப்பாள். இவர் வெளியே மரவாங்கில் குந்தியிருப்பார்.

"ரீச்சர், முட்டை சாப்பிடுறியளோ?"

"ஓம் பிள்ளை."

"ரண்டும்?"

"ரண்டுதான்."

வாய் கூசவில்லை. அவள் அதைக் கொப்பியில் எழுதுவாள். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து செய்தேன் என்று சொல்கிற பிள்ளைகளின் முழியை வைத்தே பிடித்துவிடுவேன் என்று அந்தக் காலத்தில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அவளுக்கு என்னைப் பிடிக்கத் தெரியவில்லை. ரீச்சர் பொய் சொல்வா என்று அவள் எப்படி நினைப்பாள்?

மூன்றாம் கிழமை அவள் காயத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் சரியாத்தானே செய்யிறியள், ரீச்சர். பிறகேன் சதை வளருதில்லை?" என்றாள். விரலைக் குத்திச் சீனி பார்த்தாள், அது கூடியிருந்தது. சோறும் இடியப்பமுமாகத் தின்றால் கூடாமல் என்ன செய்யும்? மருந்தைக் கூட்ட வேண்டும் என்று டொக்டருக்கு எழுதித் தந்தாள். அன்று உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். வாசலில் இவர் குடையோடு எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதோ பிள்ளை? இவவுக்குப் பசிக்கும்" என்றார். விட்டுவிட்டேன்.

ஐந்தாம் கிழமை புண்ணில் கெட்ட மணம் வரத் தொடங்கியது. மிஸ்ஸி சொல்ல முன்னமே எனக்குத் தெரியும். இவருக்கும் தெரிந்திருக்கும். சாம்பிராணி போட்டார், ஒரு நாளைக்கு மூன்று தரம். வருத்தம் பார்க்க வந்தவர்கள் கட்டிலடிக்கு வராமல் கதவு நிலையோடு நின்று கதைத்துவிட்டுப் போனார்கள். புண்ணின் ஓரம் கறுத்தது. கறுப்பு பாதத்தின் மேல் ஏறியது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இனி முட்டை தின்றும் பிரயோசனம் இல்லை, இனிச் சொல்லியும் பிரயோசனம் இல்லை. அப்படி நினைத்தபோது எனக்கு ஒரு ஆறுதல் கூட வந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னை எனக்கே அருவருக்கிறது.

இவர் மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்தார். வாழைக்காயும் வாய்வு என்று நிறுத்தினார். கடைசி நாட்களில் எனக்குக் கிடைத்தது சோற்றுக் கஞ்சியும் சரக்குத் தண்ணியும்தான். நாற்பத்திரண்டாம் நாள் மிஸ்ஸி துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

அங்கே இந்த முறை வேறு டொக்டர், சின்ன வயசு. காலைப் பார்த்தார், படம் எடுப்பித்தார், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார். இவர் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார். டொக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"வீட்டிலை என்ன சாப்பாடு குடுத்தனீங்கள் ஐயா?"

இவர் நிமிர்ந்தார். அந்த நேரத்திலும் அவருடைய குரலில் ஒரு பெருமை இருந்தது. கடையில் பெரிய ஐயாமார் வந்து கேட்டால் இப்படித்தான் நின்று பதில் சொல்லியிருப்பார்.

"நாப்பத்திரண்டு நாள் டொக்டர். ஒரு முட்டை, ஒரு மீன்துண்டு இவவின்ரை வாயிலை பட நான் விடேல்லை. நானும் திண்ணேல்லை. எல்லாம் என்ரை கையாலைதான் சமைச்சுக் குடுத்தனான்."

டொக்டர் பேனையை வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "ஐயா, புண் மாறுறதுக்கு அதுதானே வேணும். முட்டையும் மீனும் இல்லாமல் சதை எப்பிடி வளரும்? உது மட்டும்தான் காரணம் எண்டு நான் சொல்லேல்லை, சீனி இருக்கு, ரத்த ஓட்டம் இல்லை. ஆனால் அதைக் குடுத்திருக்க வேணும்" என்றார். பிறகு கேட்டார். "துண்டு வெட்டேக்கை உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"இல்லை டொக்டர். ஒருத்தரும் சொல்லேல்லை."

இவர் என்னைப் பார்த்தார், சாட்சிக்குக் கூப்பிடுகிற மாதிரி. நான் சுவரைப் பார்த்தேன். எதிர்க் கட்டில் மனிசி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

காலை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. இப்போது முட்டை வருகிறது, மீன் வருகிறது, பருப்பு வருகிறது. வெட்டின இடம் காய்ந்து சுத்தமாக மாறிவிட்டது. அது ஒழுங்காக மாற மாற இவருடைய முகம் இருண்டுகொண்டு போனது. எனக்கு முன்னால் கோப்பையை வைப்பார், நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்பார். கதைக்க மாட்டார். ரேடியோவும் போடுவதில்லை. மச்சாள் போனில் கூப்பிட்டால் மணியடித்து ஓயும் மட்டும் எடுக்காமல் விடுவார். ஒருநாள் மச்சாள் உடுப்பிட்டியில் இருந்து வந்து, படலையில் நின்று, "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டார். இவர் பின்வளவுக்குப் போய்விட்டார். நொண்டிக்கொண்டு போய்த் திறக்க எனக்கு ஒரு கால் பத்தவில்லை. மச்சாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனதை யன்னலால் பார்த்தேன். அறுபத்தைந்து வருடச் சகோதரம் அது.

வருகிற சனத்துக்கு வாய் சும்மா கிடக்காது. "உம்மைப் பச்சைப் பிள்ளையைப் பாக்கிற மாதிரியெல்லோ பாத்தவர். உம்மடை விதி, அவர் என்ன செய்வார்?" என்பார்கள். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள். இவர் எழும்பி வெளியே போவார்.

போன கிழமை ஒரு மத்தியானம், நான் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். இவர் வந்து என் காலடியில், கால் இருக்க வேண்டிய வெற்றிடத்துக்குப் பக்கத்தில் இருந்தார். கன நாளைக்குப் பிறகு தானாக வாய் திறந்தார்.

"இஞ்சேரும். உம்மடை கால் போனது என்னாலைதானே?"

கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தார். எனக்கு ஒரு வசனம்தான் தேவைப்பட்டது. டொக்டர் சொன்னவர், நான்தான் ஒளிச்சனான். அதைச் சொன்னால் இந்த மனிசன் நிமிர்ந்துவிடுவார், அக்காவோடு கதைப்பார், ஒருவேளை மறுபடி ரேடியோவும் போடுவார். ஆனால் அதற்குப் பிறகு என்னை எப்படிப் பார்ப்பார்? வாளி எடுக்கவும் கோப்பை கழுவவும் எனக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே ஆள் அவர். காலில்லாமல் கிடக்கிற நான் அவருடைய வெறுப்பையும் வைத்துக்கொண்டு எப்படிக் கிடப்பேன் என்ற பயம்தான் எனக்கு முன்னால் வந்தது. அவர் வெறுத்திருக்க மாட்டார் என்றும் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை.

"கொஞ்சம் தண்ணி தாறியளோ?" என்றேன்.

அவர் தன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு எழும்பிப் போய்க் கொண்டுவந்து தந்தார். நான் குடித்தேன்.