முழுப் பேரில் ஒரு மன்றாட்டு

சில வருடங்களுக்கு முன் மாசி மாதம் அப்பா இறந்துபோனார். அன்றிலிருந்து நெடுநாள் எனக்கு அழுகை வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கண்ணீரோடு செபித்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மாத்தளைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் எங்கள் வீடு. அம்மா பால் வெட்டப் போவார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் உயர்தரம் இரண்டாம் வருடம். அம்மாவின் சம்பளத்தில் கம்பஸ் போய்ப் பட்டம் படிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். சீகிரியாவில் ஹோட்டல் வேலை செய்யும் மாமா, பரீட்சை முடிந்ததும் அங்கே துணி துவைக்கும் இடத்தில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். நல்ல மனுஷன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. சரி என்றேன்.

ஆனாலும் புலமைப்பரிசில் விளம்பரம் எங்கே கண்டாலும் விண்ணப்பம் போட்டேன். பள்ளிக்கூடம் வழியாக ஒவ்வொன்றாக இல்லை என்று பதில் வந்தது. கடைசியாகப் போட்டது, தோட்டத்து விலாசத்தோடு, கண்டியில் ஒரு உதவி நிறுவனத்துக்கு. அங்கிருந்து பதிலே இல்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் கோவிலில் நவநாள் பூசைக்கு அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனார். பூசையில் வாசிக்க மன்றாட்டுத் துண்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார். தோட்டத்தில் என்னைப் பேபி என்றால்தான் தெரியும். அப்படியே எழுதினேன். பிறகு, எங்கள் லயத்திலேயே மூன்று பேபி இருக்கிறோமே, கடவுளுக்குக் குழம்பிவிடுமே என்று ஒரு கிறுக்கு எண்ணம். வெட்டிவிட்டு, விண்ணப்பங்களில் எழுதி எழுதிப் பழகிய முழுப் பேரை எழுதினேன். அது விசுவாசம் இல்லை, கைப்பழக்கம்.

"சவரிமுத்து மேரி ஸ்டெல்லாவின் மேல்படிப்புக்காக மன்றாடுவோம்" என்று ஃபாதர் வாசித்தார். அப்பாவின் பேரைக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்தார்.

பூசை முடிந்ததும், தோட்டத்து ஆபீஸில் தேத்தண்ணி ஊற்றும் திரேசா அக்கா ஓடி வந்தார்.

"ஏன் புள்ள, மேரி ஸ்டெல்லாங்கிறது நீயா?"

"ஆமாங்க்கா."

"அட ஆண்டவரே! எஸ். மேரி ஸ்டெல்லான்னு ஒரு கடிதம் ரெண்டு கிழமையா ஆபீஸ் ஜன்னல்ல கெடக்கு. எந்த லயத்துலயும் அப்பிடி ஒரு ஆளு இல்லைன்னுட்டாங்க. திருப்பி அனுப்பப் போறாங்க!"

எங்கள் வீட்டுக் கடிதமெல்லாம் அப்பா பேரில்தான் வரும். தோட்டத்துக்கு என் பேரில் வந்த முதல் கடிதம் அது. கண்டிக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமையே.

போனோம். பேரைக் கூப்பிட்டபோது வேறு யாரையோ என்று நான் உட்கார்ந்திருந்தேன். "பேபி, ஒன்னத்தான்" என்று அம்மா முழங்கையால் இடித்தார்.

உதவி கிடைத்தது. அதைச் சொல்லும் கடிதத்தைக் கொண்டுவந்தவர் லயத்து வாசலில் நின்று என் முழுப் பேரையும் கத்தினார். நான் வெளியே வந்து வாங்கினேன். அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் அழுதேன்.

இப்போது கம்பஸில் முதல் வருடம். மனசு மரத்துப்போனது இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனால் செவ்வாய்க்கிழமை தவறுவதில்லை. உங்களுக்கும் ஒன்றுமே தோன்றாத நாட்கள் இருந்தால், மனம் உருகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்படியே போய் எழுதிக் கொடுங்கள். முழுப் பேரையும் எழுதுங்கள். கடவுளுக்கு எந்தப் பேபி என்று தெரியும். தெரிய வேண்டியிருந்தது திரேசா அக்காவுக்குத்தான்.