பங்குச் சந்தையில் கயிறு பிடித்தவன்

இன்றைக்கும் யாராவது பங்குச் சந்தை என்று வாயெடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போர் முடிந்து கடலில் கெடுபிடி தளர்ந்த காலம். கண்டக்குழியில் அடுத்தவர் கரைவலையில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த நான், சொந்தப் படகுக்கு ஒரு எஞ்சின் வாங்கக் காசு சேர்த்திருந்தேன். தாலிக்கொடியைத் தவிர மனைவியின் நகை முழுவதும் அதற்குள் போயிருந்தது. அவளுடைய அண்ணன் கொழும்பில் பங்குத் தரகரிடம் வேலை பார்த்தான். நத்தார்ப் பண்டிகைக்கு வந்தவன், "கொஞ்சம் பொறு மச்சான், ரெண்டு எஞ்சின் வாங்கலாம்" என்றான்.

விளக்கமும் அவனே சொன்னான். கம்பனி புதிதாகப் பங்கு வெளியிட்டால் அது முதல் சந்தை, காசு கம்பனிக்குப் போகும். பிறகு பங்கு வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் விற்று வாங்குவது இரண்டாம் சந்தை. அங்கே காசு விற்பவனுக்குத்தான், கம்பனிக்கு ஒரு சதமும் இல்லை. நம்முடைய கரை ஏலம் மாதிரித்தானாம். ஏலத்தில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்போமே, இங்கே எதைத் தூக்கிப் பார்ப்பது என்று கேட்க எனக்குப் புத்தி வரவில்லை.

அவனும் வைத்திருந்த ஒரு ஹோட்டல் கம்பனியின் பங்கை, சேர்த்த காசில் பாதியைப் போட்டு இரண்டாம் சந்தையில் வாங்கினேன். விலை ஏறியது. "மிச்சத்தையும் போடு" என்றான். போட்டேன். அடுத்த கிழமையே விழத் தொடங்கியது.

"பயப்படாத, திரும்ப ஏறும். விக்காத" என்றான் போனில்.

கரைவலையில் மீன் சேரும் மடி கரையேறுமுன் கயிற்றை விட்டவனுக்குப் பங்கில்லை, மரியாதையும் இல்லை. அப்படியே வளர்ந்தவன் நான். விலை விழ விழ, விற்பது மற்றவர் தோளில் பாரத்தைப் போட்டுவிட்டு ஓடுவது போலிருந்தது. மடையன்! அங்கே என்னோடு கயிறு பிடித்தவன் ஒருவனும் இல்லை. கடைசியில் மிஞ்சியது எஞ்சினின் விசிறிக்கும் காணாது.

கோயில் திருநாளுக்கு அவன் மறுபடி வந்தான். சாப்பிடும்போது கேட்டேன்.

"உன்ட பங்க எப்ப வித்த?"

"அது... நல்லா விலை கூடின கிழமை."

மிச்சத்தையும் போடு என்று அவன் சொன்ன கிழமை.

"அப்ப நான் வாங்கினது ஆர்ட பங்கு?"

"அது கம்பியூட்டர் பாக்கிற வேலை. ஆருக்குத் தெரியும்?" என்றபடி இறைச்சியைக் கடித்தான்.

சோற்றுக் கோப்பையை அவன் முன்னாலிருந்து இழுத்தெடுத்தேன். மனைவி என்னைத் தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் அவனை எழும்பச் சொல்லி, அவன் இருந்த கதிரையைத் தூக்கி உள்ளே வைத்தாள்.