தாழ்த்திய சீட்

மிலிட்டரி ஏலத்தில் அப்பா வாங்கி வந்த பழைய மோட்டார் சைக்கிள் பாதிக்கு மேல் துருவாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். இங்கிலீஷ் கையேட்டை நான் படித்துச் சொல்ல, அப்பா ஸ்பேனரால் முடுக்க, திருவண்ணாமலை வீட்டுக் கூடத்திலேயே அதை மறுபடி உருவாக்கினோம். எனக்குக் கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. நானே ஓட்டிப் போவதற்காக, என் கால் தரையில் ஊன்றும்படி சீட்டுக்கு அடியிலிருந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றி அதைத் தாழ்த்தினார் அப்பா.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு என்னைவிட வண்டியைப் பிடித்துவிட்டது.

"இத்தையும் சேத்துக் குடுத்துடுங்க மாமா. ஆனா இன்னா சீட்டு இது, கொயந்தைக்குப் போட்டாப்புல?"

வியர்க்க வியர்க்கக் கிக்கரை உதைத்தார். வண்டி கிளம்பவில்லை.

"ஓட்டை இரும்பு. பேரிச்சம்பழத்துக்குப் போடுங்க. எனக்கு வாணாம்."

பேசாமல் இருந்திருந்தால் வண்டி எனக்கே மிஞ்சியிருக்கும். அந்தச் சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு போய், கையேட்டில் சொல்லியிருந்தபடி கிக்கரை மெதுவாக இறக்கி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வந்ததும் ஓங்கி உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பியது.

"பரவால்லியே, ஓடுதே! அப்ப எடுத்துக்கறேன்" என்று மாப்பிள்ளை சிரித்தார். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்கூடத்தானடி வருது. பின்னால உக்காந்துட்டுப் போயேன்" என்றாள் அம்மா.

மறுநாள் அப்பா ஸ்பிரிங்குகளைத் திரும்ப மாட்டினார். ஸ்பேனரை நான்தான் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கால் தரைக்கு எட்டவில்லை.