கணக்கில் வராத பெவர்லி

பெவர்லி கிரிம்ஷா எங்கள் முதியோர் இல்லத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். ஓயாத வாய். ஆனால் முரண்டு பிடிக்கிற கிழவர்கூட அவள் கூப்பிட்டால் குளிக்க வந்துவிடுவார். பிறகு ஆர்மரட் என்பவர் அவளைத் தன் வீட்டில் வேலைக்கு வைத்துக்கொண்டார். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத மனிதர். ஆள் வைத்துக்கொள்ள ஊர் கவுன்சில் அவரிடமே பணம் கொடுத்துவிடும், அவர்தான் அவளுக்கு முதலாளி.

வருஷாவருஷம் பணியாளர் கணக்கெடுப்புப் படிவம் நிரப்புவது என் வேலை. விலகியவர் எங்கே போனார் என்று ஒரு கேள்வி. வேறு இல்லம், ஏஜென்சி, ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன. தனி மனிதரின் வீடு என்று இல்லை. 'பராமரிப்பு வேலையை விட்டுவிட்டார்' என்று குறித்துத் தொலைத்தேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்ற அலட்சியம்தான்.

ஏழு வருஷம் கழித்து கொரோனா வந்தது. பராமரிப்பு வேலை செய்பவர்களுக்கு முதலில் தடுப்பூசி என்றார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் படிவங்களை வைத்துத்தான் பட்டியல் போட்டார்கள். எங்கள் தோட்டக்காரர்கூடப் போட்டுக்கொண்டார். பெவர்லியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆர்மரட் வாயால் சொல்லி எழுதவைத்த கடிதத்தையும், முத்திரை இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அவள் எனக்குப் போன் செய்தாள்.

"என்ன வேலை பாக்குறீங்கன்னு கேக்குறாங்க கண்ணு. இப்பத்தான் ஒரு ஆளைத் தூக்கி உக்கார வெச்சுட்டு வர்றேன்னேன், நம்பல. முத்திரை போட்டு நீ ரெண்டு வரி எழுதிக் குடேன்."

மேனேஜரிடம் கேட்டேன். இப்போது அவள் நம் ஆள் இல்லையே என்றார். எதிர்த்துப் பேச எனக்குத் துப்பில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று அவளிடம் மழுப்பினேன். உன் நாளைக்கு என்றைக்குத்தான் விடியுமோ என்று சிரித்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

பிப்ரவரியில் அவளுக்குக் கொரோனா வந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனாள். ஐம்பத்தெட்டு வயது. அடக்கத்துக்குப் போக எனக்கு முகமில்லை.

அந்த மாதமே மேலிடத்திலிருந்து கேட்டார்கள்: கொரோனாவில் இறந்த பணியாளர்கள் எத்தனை பேர்? எங்கள் இல்லத்தில் யாரும் இல்லை. பூஜ்யம் போட்டு அனுப்பினேன். ஆர்மரட் யாருக்கும் படிவம் அனுப்புகிறவர் இல்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

மார்ச்சில் அவர் போன் செய்தார். புது ஆள் இன்னும் கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் எழுப்பி உட்காரவைக்கிறார் என்றார். பிறகு கேட்டார்:

"உங்க வேலை பாக்குறவங்கள்ல இத்தனை பேர் செத்தாங்கன்னு டிவில ஒரு கணக்கு சொன்னாங்கம்மா. அதுல பெவர்லியும் உண்டுதானே?"

உண்டு என்று சொன்னேன்.