சாம்பல் அரசனின் கையுறை

ரமேஷ், நீ திருடன். நேற்று உன் வீடியோவில் நாம் சின்ன வயதில் ஆடிய அந்த கேமின் மணியோசை கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருபது வருடம் முந்திய ஹட்டன் வீடியோ கேம் கடை, ஈரக் குடை வாசம், ஒரே ஸ்டூலில் நாம் இரண்டு பேர். வில்லன் சாம்பல் அரசன் எங்கிருந்து வந்தான் என்று கேம் சொல்லவே இல்லை. பிசாசின் மகன் என்றாய் நீ.

"திங்கும்போதுகூட கையுறைய கழட்ட மாட்டேங்கிறான் பாரு. தேயிலக் கொழுந்து பறிச்சவன்டா. வெரல் கறைய மறைக்கிறான்" என்றேன் நான்.

என் அம்மா கோயிலுக்குப் போகுமுன் எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்ப்பார். கறை போகாது. கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வார்.

"கூடைய மாட்டிக்கிட்டு, காலையில பேர் கொடுக்க பெரட்டுக்குப் போன ராசாவாடா இவன்?" என்று கடையையே சிரிக்க வைத்தாய்.

இப்போது வீடியோவில் அந்தக் கையுறை விளக்கம் உன் கண்டுபிடிப்பாம். அதைக்கூட விடுகிறேன். "தேயிலை பறிக்கிறவங்களுக்கு விரல் கறுத்துடுமாம், எங்கயோ படிச்சேன்" என்கிறாயே. உன் அம்மாவும் என் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள். உன்னைப் பார்க்கிற அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல். அதை எங்கே படித்தாய்?